பாயிண்ட் சொன்ன குரல்

என் வாய் சும்மா இருக்காது. நல்லதோ கெட்டதோ, மனசில் பட்டதை அந்த நிமிடமே கொட்டிவிடுவேன். பிறகு ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து வருத்தப்படுகிற ரகமும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

கோட்டைப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் கரை. படகு கட்டுகிற பாலத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஆதார் பிரிண்ட், மனு. மனுதான் அதிகம். கடலில் நம் ஆட்களை அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் கலெக்டருக்கும் மந்திரிக்கும் அனுப்புவதற்கு ஒரு மனு என் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராகக் கிடக்கும். தேதி, படகு நம்பர், ஆட்களின் பெயர், இந்த மூன்றை மாற்றினால் போதும். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்பதை மாற்ற வேண்டி வந்ததே இல்லை.

என் தம்பி விசைப்படகில் டிரைவர். படகு முதலாளி பக்கத்துத் தெரு பாய். அவருக்கு ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டிலேயே கிடந்து படித்து, அரசுத் தேர்வில் தேறியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. அது முடிந்தால் எழுத்தர் வேலை, கையில் ஆணை. விண்ணப்பம் போட்டதிலிருந்து ஹால் டிக்கெட் எடுத்தது வரை எல்லாம் என் கடையில்தான். ரிசல்ட் வந்த அன்று என் கம்ப்யூட்டரில் தன் நம்பரைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நெசந்தானா, நீங்க ஒருக்கா பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. இரண்டு பேரும் அழுதோம். அவர்கள் வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்.

படித்த பெண் என்பதால் கரையில் உள்ளவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்திக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள், காற்று எப்படி, டீசல் வந்ததா, இதெல்லாம் அதில் வரும். டோக்கன் குரூப் என்று பெயர். அதற்கு அட்மின் அவள் ஒருத்திதான். நானும் அதில் இருந்தேன்.

எங்கள் கரையில் கடல் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. எதைச் சொன்னாலும் பாயிண்ட் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் வருகிற அந்த இரண்டு எண்களைத்தான் பாயிண்ட் என்கிறோம். மீன் கூட்டம் கண்டேன் என்றால், எந்தப் பாயிண்டில்? வலை பாறையில் மாட்டியது என்றால், எந்தப் பாயிண்டில்? பாயிண்ட் சொல்லாதவன் பேச்சுக்கு டீக்கடையில்கூட மதிப்பு கிடையாது. "அடப் போய்யா, வீட்ல படுத்துக் கனாக் கண்டியா?" என்று கேட்டுவிடுவார்கள். கடலுக்கே போகாத எங்களைப் போன்ற பெண்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. தம்பி போன படகு மட்டும் வரவில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடினேன். அதில் போன ஐந்து பேரையும் அக்கரைக்காரன் படகோடு இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். திரும்பி வந்த டிரைவர் ஒருவர் தன் நோட்டை விரித்து என்னிடம் காட்டினார். "நம்ம ரோந்துக் கப்பல் அங்கிட்டுத்தான் நின்னுச்சு. கண்ணால பாத்தேன். இந்தா பாருங்க, பாயிண்ட் எழுதி வச்சிருக்கேன்."

எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அங்கேயே, பாலத்தின் மேலேயே, போனை வாயருகே பிடித்துக் குரல் பதிவு போட்டேன்.

"டோக்கன் குரூப்புல இருக்கற எல்லாரும் கேளுங்க. நம்ம கப்பல் இந்தப் பாயிண்ட்ல நின்னு வேடிக்கை பாத்திருக்கு. அங்கன நம்ம புள்ளைகளைப் படகோட கட்டி இழுத்துட்டுப் போறான். சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறானுவளா? இதைக் கேக்க ஒரு ஆம்பளை இல்லையா இந்த நாட்டுல?" நடுவில் அந்த எண்களை ஒன்று விடாமல் இரண்டு தடவை சொன்னேன். பிறகு சில வார்த்தைகள் வந்தன. அவற்றை அச்சில் போட முடியாது. எண்களையும் இங்கே போடப்போவதில்லை. போட்டால் இதற்கும் ஒரு வழக்கு வந்து சேரும்.

மதியத்துக்குள் அந்தக் குரல் எங்கெங்கோ போய்விட்டது. எவனோ ஒரு புண்ணியவான் அதற்குப் பின்னால் சைரன் சத்தம் சேர்த்து, எந்த நாட்டுப் போர்க்கப்பல் படத்தையோ முன்னால் ஒட்டி, 'ரோந்துக் கப்பல் நிற்கும் ரகசிய இடம் வெளியானது' என்று தலைப்பும் வைத்துவிட்டான். நான் திட்டியது தம்பியைக் காணவில்லையே என்று. அவன் வைத்த தலைப்பில் தம்பியும் இல்லை, படகும் இல்லை. கப்பலும் ரகசியமும் மட்டும்தான்.

சாயங்காலம் பாயின் மகள் கடைக்கு ஓடி வந்தாள். போலீஸிலிருந்து போன் வந்ததாம், டோக்கன் குரூப் அட்மின் யார் என்று கேட்டார்களாம். முகம் வெளுத்துப்போய் இருந்தது. நான் என் பதிவை எல்லோருக்குமாக அழித்தேன். அதோடு நின்றிருக்கலாம். புத்திசாலி மாதிரி, "குரூப்பையே கலைச்சிரு புள்ள, ஒண்ணும் இல்லாமப் போயிரும்" என்று அவளுக்கு யோசனை வேறு சொன்னேன். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளாக நீக்கினாள். கடைசியில் குரூப்பையும் அழித்தாள். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மனு அடித்துக் கொடுக்கிறவளுக்குச் சட்டமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மீனவர் சங்கத்துத் தலைவர் கடைக்கு வந்தார். நான்தான் பேசினேன் என்று போலீஸில் சொல்லிவிடப்போவதாக அவரிடம் சொன்னேன். அவர் கும்பிட்டார். "இந்தா பாரு ஆத்தா, அஞ்சு பேரும் அங்கிட்டு ஜெயில்ல கெடக்கானுவ. எடுக்கறதுக்கு இங்கிருந்து அதிகாரிக லெட்டர் போகணும். பிடிபட்டவன் அக்காவே நம்ம கப்பலைத் திட்டி நாடு பூரா பரப்பிருக்கான்னு தெரிஞ்சா, எந்த அதிகாரிக்கு மனசு வரும்? அந்தப் புள்ள வெறும் அட்மின்தானே. ஒரு விளக்கக் கடிதாசி எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிரும்."

அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். "உங்க தம்பி எங்க படகுல போன ஆளுதானேக்கா. நாங்கதான் கொண்டுவந்து சேக்கணும். நான் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிறேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க."

நான் திறக்கவில்லை. எத்தனையோ நாள் எத்தனையோ பேர் அடக்கப் பார்த்து அடங்காத வாய், அன்றைக்கு அடங்கியது. தம்பிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி பயம்.

அவளைப் புதுக்கோட்டை டவுனுக்கு விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் துணைக்குப் போனேன். அறந்தாங்கியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் அவள் மடியைக் கவனித்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அரசாங்க ஆபீஸ் எது கூப்பிட்டாலும் சான்றிதழோடு போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு மாடியில் சின்ன அறை, நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், குரலை உயர்த்தாதவர். அவளுடைய ஆதாரை வாங்கிப் பெயரை வாசித்தார். அப்பா பெயரை வாசித்தார். மறுபடியும் பெயரிலிருந்து ஆரம்பித்து வாசித்தார். அந்த இடத்தில் என் ஆதார் இருந்திருந்தால் ஒரு தடவைதான் வாசித்திருப்பார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?"

"சவுதியில மாமா இருக்காரு சார். டிரைவர் வேலை."

எங்கள் தாலுகாவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டை எனக்கு அவர் காட்டட்டும். அவள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். "ஏம்மா, நீங்க கோவப்படுறது எனக்குப் புரியுது. கப்பல் ஏன் வரலைன்னு கேளுங்க, போராட்டம் பண்ணுங்க, யாரு தடுத்தா? ஆனா கப்பல் எந்த எடத்துல நிக்குதுன்னு ஊரு பூரா சொல்லலாமா? அந்தக் கடல்ல கஞ்சா கடத்துறவன் இருக்கான், மஞ்சள் கடத்துறவன் இருக்கான். நாளைக்குத் துப்பாக்கியோட ஒருத்தன் வருவான். அவனுக்கு நீங்களே வழி சொல்லிக் குடுத்த மாதிரி ஆகாதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். அயோக்கியனாக இருந்திருந்தால் மனசுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

"பாயிண்ட் சொல்லலைன்னா எங்க கரையில யாரும் நம்ப மாட்டாங்க சார்" என்றாள் அவள். "சும்மா சொன்னா பொய்யின்னுதான் சொல்லுவாங்க. ஆபீஸ்ல குடுக்கற மனுவுலயே எந்தப் பாயிண்ட்ல பிடிச்சாங்கன்னு கேட்டுத்தான் வாங்குறாங்க."

"அது ஆபீஸுக்கு. இது ஊருக்கு. ரெண்டும் ஒண்ணா?" என்றவர், சட்டென்று, "சரி, இந்தக் குரல் யாரோடது?" என்று போனில் என் குரலை ஓடவிட்டார்.

அந்த ஏ.சி. அறையில் என் குரல் கத்தியது. சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறானுவளா என்று கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாது சார். குரூப்ல நெறைய பேரு இருந்தாங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். தொண்டையைச் செருமி, சளிப் பிடித்தவள் மாதிரி, "பக்கத்து வீடு" என்று முனகினேன். ஊரையே கூட்டிக் கத்துகிறவள் நான். எனக்கே என்மேல் கேவலமாக இருந்தது.

விளக்கக் கடிதத்தோடு விடவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் தகவலைப் பரப்பியது, ஆதாரத்தை அழித்தது என்று அட்மின்மேல் வழக்குப் பதிவானது. முதல் தகவல் அறிக்கையின் நகலை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் கொண்டுவந்தாள். வாசித்துப் பார்த்தேன். நான் பேசியதை முழுக்க டைப் அடித்திருந்தார்கள். கெட்ட வார்த்தைகள் வருகிற இடத்தில் மரியாதையாகப் புள்ளி வைத்திருந்தார்கள். பாயிண்ட் எண்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன. யாருக்கும் தெரியக்கூடாத அந்த ரகசியத்தை நான் ஆறு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் குரல் யாருடையது என்று கரைக்கே தெரியும். மீன் கூடைக்காரியிலிருந்து பள்ளிவாசல் மோதினார் வரை தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. தம்பி வந்துவிடட்டும் என்று காத்திருந்தார்கள். உப்பைத் தின்றவள் நான், தண்ணீர் குடித்தவள் அவள்.

மூன்று மாதம் கழித்து ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். படகு வரவில்லை. தம்பி பாதி ஆளாகிவிட்டிருந்தான். வீட்டில் சோறு போட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் பேசியது, அந்தப் பெண்மேல் வழக்கு, எல்லாம். அவன் கையைக் கழுவாமல் என்னையே பார்த்தான்.

"எந்தப் பாயிண்ட் சொன்ன?"

சொன்னேன். அது எனக்கு மனப்பாடம்.

"ஏங்க்கா, அந்தப் பாயிண்ட்ல கப்பல் நின்னது முந்தின நாள் சாயங்காலம். நாங்க அங்கன போய்ச் சேர்றப்பவே அது வடக்கத் திரும்பிப் போயிருச்சு. எங்களைப் பிடிச்சப்ப விடியப்போற நேரம். சுத்துப்பட்டுல ஒரு கப்பலும் இல்ல, ஒரு காக்காயும் இல்ல. எவன் சொன்னான் ஒனக்கு?"

நோட்டைக் காட்டிய டிரைவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார். எப்போது என்று நான் கேட்கவில்லை. நான் ஊர் முழுக்கக் கூவிய பாயிண்டில், கூவியபோது, தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. வேடிக்கை பார்த்ததாக நான் திட்டிய கப்பலும் அங்கே இல்லை. போலீஸ்காரர்கள் காப்பாற்றத் துடித்த ரகசியமும் அங்கே இல்லை. அந்த வெறும் தண்ணீருக்காக ஒரு பெண்ணைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம், அவர்களும் நானும் சேர்ந்து.

இனி எனக்குச் சாக்கு இல்லை. தம்பி வீட்டில் இருக்கிறான். எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவரிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அவர் சிரித்தார். "கப்பல் அங்க இல்லைன்னா ரகசியம் வெளியாச்சுங்கறது நிக்காது, சரிதான். ஆனா பேசுன அம்மா பொய்த் தகவல் பரப்புனதா ஆகும். தெரியாதுன்னு சொன்ன பொண்ணு போலீஸ்ல பொய் சொன்னதா ஆகும். ஒரு வழக்கு மூணாகும். பேசாம இருக்கச் சொல்லுங்க." உண்மை சொன்னால் பாதுகாப்புக்குக் கேடு, பொய் சொன்னால் வதந்தி. வாயை வைத்துக்கொண்டு மனுஷி என்னதான் செய்வது? அடப் போங்கய்யா என்று எழுந்து வந்துவிட்டேன். வக்கீல் சொன்னதை ஒரு சாக்காக வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் நிஜம்.

பிறகு அந்தப் பெண்ணுக்குத் தபால் வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால் பணி ஆணை வழங்க இயலாது, பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று. அந்த மேல்முறையீடும் தள்ளுபடியாகி, வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போனது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை யாரும் நம்பிக்கையோடு வாசிக்க வேண்டாம்.

மேல்முறையீட்டு மனு அடிக்க அவள் என் கடைக்கு வந்தாள். வேறு கடைக்குப் போயிருக்கலாம். முன்பு உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, நின்றுகொண்டே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். தேர்வில் பெற்ற மதிப்பெண், தரவரிசை, அத்தா என்று அவள் கூப்பிடுகிற அப்பாவின் படகு போனது, குடும்பம் கடனில் இருப்பது. அடித்துக்கொண்டே போனேன். தம்பி சொன்னதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த வரி முடியட்டும், அடுத்த வரி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

"அடுத்து இதைப் போடுங்கக்கா" என்றாள். "மேற்படி குரல் பதிவில் பேசியவர் யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது."

என் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்கக்கா."

அடித்தேன். மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியில் விரலை வைத்து, "ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. சரியா இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றேன்.